ஆறாவது நகர்த்தலில் முப்பத்தெட்டு நிமிடம்

குதிரையால்தான் எடுத்தாள். யோசிக்கவே இல்லை. என் சிப்பாய் டி-5-இல் அவள் சிப்பாயை வெட்டிவிட்டு உட்கார்ந்த மறுகணம் ரேணுகாவின் கை நீண்டது, குதிரை வந்தது, என் சிப்பாய் பலகைக்கு வெளியே போனது, கடிகாரத்தின் தலையில் ஒரு தட்டு. ஐந்து நகர்த்தல் முடிந்துவிட்டது. ஆறாவது என்னுடையது. என் முள் ஓடுகிறது. தாளில் அவள் நகர்த்தலை எழுதினேன், எழுத்து கோணிக்கொண்டு போனது. குதிரையால். இவள் ஒன்றும் நேற்று ஆடக் கற்றுக்கொண்டவள் இல்லை. பத்தொன்பது வயது, போன வருஷம் மாநில ஜூனியரில் இரண்டாவது. இந்த இடத்தில் குதிரையால் எடுக்கக் கூடாது என்பது செஸ் பழகிய மூன்றாவது மாதத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிற சங்கதி. எடுத்தால் வெள்ளைக் குதிரை எஃப்-7-க்குள் பாயும். ஒரே ஒரு சிப்பாய்க்காக ஒரு முழுக் குதிரையைப் பலி கொடுப்பது. அங்கே அது ராணியையும் யானையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வதால் கறுப்பு ராஜா அதை வெட்டியே தீர வேண்டும். வெட்டியதும் என் ராணி ஒரு செக் சொல்வாள், ராஜா நடுப்பலகைக்கு வந்து நிற்பான், குளித்துக்கொண்டிருந்தவன் துண்டோடு தெருவுக்கு வந்தது மாதிரி. அப்புறம் நம் ஆட்கள் எல்லோரும் சூழ்ந்துகொள்ளலாம். இங்கிலீஷ் புத்தகத்தில் இந்தத் தாக்குதலுக்கு ஈரல் வறுவல் என்றே பெயர். முட்டை போட்ட கேக்கைக்கூடச் சேர்க்காத எங்கள் வீட்டில் நான் தொலைபேசியில் என் சிநேகிதி லூர்துவிடம் ஈரல் வறுவலைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு வைத்தபோது அம்மா என்னை எப்படிப் பார்த்தாள். அந்த வறுவலுக்குள் ரேணுகா தானாக வந்து விழுகிறாள். விழுகிறவள் முகத்தில் ஒரு பயம் வேண்டாமா? கைக்குட்டையை நாலாக மடித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு என் குதிரையையே பார்க்கிறாள். எடு எடு என்கிறாள். எடுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று இவளுக்குத் தெரியும். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. உலகத்திலேயே அது தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான், அதில் ஒருத்தி இங்கே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

இருக்காது. முதலில் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். நான்கு நிமிடம் போயிருந்தது. மின்விசிறி என் தாளின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது, பேனாவை அதன்மேல் வைத்தேன். விருதுநகரில் இந்தக் கல்யாண மண்டபத்தை ஆறு நாளைக்கு எடுத்திருக்கிறார்கள், மாநிலப் பெண்கள் சாம்பியன்ஷிப், இது ஒன்பதாவது சுற்று, கடைசி. மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற சிவப்பு வெல்வெட் நாற்காலிகளைச் சுவரோடு ஒதுக்கிவிட்டு அங்கே தீர்ப்புச் சொல்கிற ஆர்பிட்டருக்கு மேஜை போட்டிருக்கிறார்கள். எனக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்கள், பொண்ணு செஸ் விளையாடுமாமே என்று. அண்ணன் சொன்னான், அது சும்மா பொழுதுபோக்குங்க, கல்யாணத்துக்கப்புறம் எதுக்கு. சும்மா. பதினான்கு வருஷம் சும்மா. மூன்று வருஷமாக நான் ஐந்தாவது. முதல் நான்கு பேர் மாநில அணி, ரயிலேறித் தேசியப் போட்டிக்குப் போவார்கள். ஐந்தாவது ஆள் ரிசர்வ். ரிசர்வ் என்றால் வீட்டில் உட்கார்ந்து யாருக்காவது அம்மை போடட்டும் என்று வேண்டிக்கொள்கிறவள். மூன்று வருஷமும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் நன்றாக இருந்தார்கள். இந்த வருஷம் மேலே மூன்று பேர் நிச்சயம். நாலாவது இடம் ஒன்றுதான் பாக்கி. லூர்து இன்றைக்குப் பத்தே நகர்த்தலில் டிரா பேசிக்கொண்டு எழுந்துவிட்டாள், ஆறரைப் புள்ளி. எனக்கு ஐந்தரை. நான் ஜெயித்தால் எனக்கும் ஆறரை, ஆனால் நான் மோதியவர்கள் பலசாலிகள், சமமாக நின்றால் இடம் எனக்கு. டிரா ஆனால் அவளுக்கு. இதைக் காலையில், தான் டிராதான் பேசப்போவதாகவும் சேர்த்து, அவளேதான் கணக்குப் போட்டுச் சொன்னாள். இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னாள். "நீ ஜெயிச்சா நீ, இல்லாட்டி நான். யாரா இருந்தா என்னடி, நம்ம ரெண்டு பேருல ஒருத்தி போறோம்ல." நான் அதற்குச் சிரித்தேன். எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அப்புறம் கேட்டாள், வெள்ளை உனக்கா என்று. ஆமாம். என்ன ஆடப் போற? வழக்கமானதுதான் என்றேன். வழக்கமானதா, என்று திருப்பிச் சொல்லிவிட்டுச் சட்னிக்காக எழுந்து போனாள். சட்னி எங்கள் மேஜையிலேயே இருந்தது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை, இப்போது உறைக்கிறது. ரேணுகா உட்கார்ந்திருந்தது சன்னல் பக்கத்து மேஜை. லூர்து அங்கே போய் நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று நான் பார்க்கவில்லை, நான் இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மடச்சி.

ஒன்பது நிமிடம். இருக்கட்டும், ஒழுங்காக யோசிக்கிறேன். குதிரையைப் பலி கொடுக்காமல் வேறு வழி இருக்கிறது. டி சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளலாம். அதுவும் நல்ல ஆட்டம்தான், புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் ரேணுகா தடுத்து ஆடுவதில் கெட்டிக்காரி, மூன்று மணி நேரம் இழுத்துப் பெரும்பாலும் டிராவில் நிறுத்துவாள். டிரா என்றால் நான் ஐந்தாவது. நான்காவது முறையாக ஐந்தாவது. பலி கொடுத்தால்? கொடுத்தால் மருந்து வரும். வறுவலை முறிக்கிற வழிக்கு மருந்து என்றுதான் நாங்கள் பெயர் வைத்திருந்தோம். போன வருஷம் தைப்பொங்கல் விடுமுறையில் லூர்து திண்டுக்கல்லுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மற்ற நாளெல்லாம் எங்களுக்கு எப்போதாவது தொலைபேசி, மற்றபடி தபால் கார்டுதான், அவள் திருச்சியிலிருந்து ஒன்று, நான் திண்டுக்கல்லிலிருந்து ஒன்று, கார்டு முழுக்க எண்களும் எழுத்துகளும். தபால்காரர் ஒருநாள் என்னிடம், என்னம்மா இது ஏதாவது ரகசியப் போலீஸா என்று கேட்டார். எல்லாவற்றையும் இரண்டு நோட்டில் ஒரே மாதிரி எழுதி வைப்போம். அவளிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. ஒருத்தி கண்டுபிடிப்பதை மற்றவளுக்குச் சொல்லிவிட வேண்டும், மூன்றாவது ஆளுக்குச் சொல்லக் கூடாது. சத்தியமெல்லாம் செய்யவில்லை, சின்னப் பிள்ளைகளா என்ன, ஆனால் ஒன்பது வருஷம் அது சத்தியமாகத்தான் இருந்தது. அந்தப் பொங்கலுக்கு மாடி அறையில் நாங்கள் ஈரல் வறுவலைப் பிரித்துப் போட்டோம். எங்களிடம் இருந்த ஜெராக்ஸ் புத்தகம் பன்னிரண்டாவது நகர்த்தலோடு நின்றுவிடுகிறது, வெள்ளைக்குப் பலமான தாக்குதல் என்று ஒரு வரி, அவ்வளவுதான். பலமான தாக்குதல்னா எப்படிடா பலம், என்று லூர்து அந்தப் புத்தகம் எழுதினவனிடமே சண்டை போட்டாள். கறுப்புக்காக அவள் உட்கார்ந்தாள். பதினைந்தாவது நகர்த்தலில் கறுப்பு யானை என் பக்கத்து இரண்டாவது வரிசைக்குள் இறங்கி டி-2-இல் போய் நின்றது. என்ன செய்தாலும் அசையவில்லை. சாயங்காலம் வரை தட்டிப் பார்த்தோம். குதிரையைக் கொடுத்தவள் கொடுத்ததுதான், திரும்ப வாங்க வழியில்லை. லூர்து எழுந்து நின்று சேலையை உதறிக்கொண்டு சொன்னாள். "இதை யாருக்கும் சொல்லக் கூடாதுடி அமிர்தம். ஒருநாள் யாராவது பெரிய ஆளு நம்மள வறுக்கலாம்னு வருவாங்க பாரு. அன்னைக்கு மருந்து குடுப்போம்." அந்தப் பெரிய ஆளு நான்தான் போலிருக்கிறது.

பதினாலு. தண்ணீர் குடித்தேன், பாட்டில் மூடி கையிலிருந்து நழுவி உருண்டது, பக்கத்து மேஜைக்காரி நிமிர்ந்து முறைத்தாள். ரேணுகா குனிந்து எடுத்துக்கொடுத்தாள். தாங்க்ஸ் என்று வாயசைத்தேன். நல்ல பெண். இவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை, வர வேண்டும் என்று பார்க்கிறேன், வரவில்லை. இவளுக்கு ஐந்து புள்ளி, இவள் ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை, ஒரு அக்கா வந்து ஒரு புதுசைச் சொல்லிக்கொடுத்தால் பத்தொன்பது வயதில் யார்தான் வேண்டாம் என்பார்கள். லூர்து என்ன சொல்லியிருப்பாள்? அமிர்தம் இதைத்தான் ஆடுவா, நீ குதிரையாலேயே எடு, பயப்படாத, அப்புறம் நான் சொல்றபடி போ. அமிர்தம் என்று என் பெயரை எந்தக் குரலில் சொல்லியிருப்பாள்? அவளுக்கு இரண்டு குரல் உண்டு. ஒன்று வெளியாட்களிடம் பேசுகிற திருத்தமான டீச்சர் குரல், இன்னொன்று என்னிடம். எனக்குச் சொல்கிற அந்தக் குரலில் மட்டும் சொல்லியிருக்கக் கூடாது. என்ன அசட்டு ஆசை இது. கழுத்தறுத்தவள் எந்தக் கத்தியால் அறுத்தாள் என்று ஆராய்ச்சி. ஒருவேளை அவள் சொல்லவே இல்லையோ? ரேணுகாவுக்குக் கை தவறியிருக்கலாம். குதிரை ஏ-5-க்குப் போக வேண்டிய நகர்த்தல், அதுதான் சரியானது, எல்லோரும் ஆடுவது, அதை மறந்து அவசரத்தில் வெட்டியிருக்கலாம். மறந்தவள் இப்படி மடித்த கைக்குட்டையோடு உட்கார்ந்திருப்பாளா? இருப்பாள், சிலர் பயந்தால் இப்படித்தான் இருப்பார்கள். லூர்துவின் அப்பா இறந்தபோது நான்கு நாள் அவள் வீட்டில் இருந்தேன். நாலாம் நாள் அவள் பலகையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள், மத்தியானம் முழுக்க ஆடினோம், எல்லா ஆட்டத்திலும் நானே தோற்றேன், அவளுக்குத் தெரிந்துதான் தோற்றேன். போன வருஷம் நாலாவது இடம் அவளுக்குக் கிடைத்து எனக்குக் கிடைக்காதபோது ரயில் நிலையம் வரை போய்ப் புளியோதரை கட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன். பொறாமை இல்லையா என்றால் இருந்தது, புளியோதரையில் உப்பு கூடிவிட்டது என்று அவள் எழுதினாள், ஆனாலும் கட்டிக்கொடுத்தேன். இப்படிப்பட்டவளை. இல்லை, இருக்காது. சட்னி எங்கள் மேஜையிலேயே இருந்தது. தேங்காய்ச் சட்னி, கிண்ணம் நிறைய.

இருபத்தொன்று. இனி அந்த விஷயத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். இவ்வளவு நேரம் பக்கத்தில் போகாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன். மருந்து பொய். மருந்தே இல்லை அது. என் செட்டில் ஒரு வெள்ளைச் சிப்பாய் எப்போதோ தொலைந்துவிட்டது. அதற்குப் பதிலாக எது கிடைக்கிறதோ அதை வைப்பேன், பித்தான், சோழி, ஏதாவது. அந்தப் பொங்கலுக்கு ஒரு வெள்ளைப் பெப்பர்மிண்டை ஓரத்தில் ஹெச்-2-இல் வைத்திருந்தேன். யோசிக்கும்போது லூர்துவுக்கு வாய் சும்மா இருக்காது. எந்நேரம் எடுத்து வாயில் போட்டாள் என்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் ஆராய்ந்ததெல்லாம் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் குறைந்த பலகை. அந்தக் கோடு அடியிலிருந்து ஹெச்-6 வரை திறந்து கிடந்தது, என் யானை அதன் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, அது ஹெச்-6-ஐ வெட்டினால் என்ன என்றுகூட இருவரும் பத்து நிமிடம் யோசித்து, பிஷப் இருக்கிறது, முடியாது என்று முடிவு செய்தோம். கோடு எப்படித் திறந்தது என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. கணக்கு சரி, பலகை தப்பு. வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புது செட் வாங்கி, சும்மா தனியாக அடுக்கிப் பார்த்தேன். கறுப்பு யானை டி-2-க்கு வந்தது. ஹெச்-2-இல் ஒரு சிப்பாய் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இரண்டு கட்டம் தள்ளினேன், ஹெச்-4. கறுப்பின் பிஷப்பை அது உதைக்கிறது, அதோடு எல்லாம் கலகலத்துப் போகிறது, ஆறே நகர்த்தலில் கறுப்பு காலி. சிரித்துக்கொண்டே மேஜை டிராயரைத் திறந்து தபால் கார்டு எடுத்தேன். அன்புள்ள லூர்து, நீ தின்ற மிட்டாய், என்று தொடங்க நினைத்தேன். அதுவரைக்கும் நினைவிருக்கிறது. பேனாவைத் திறந்தும் எழுதவில்லை. சாயங்காலம் எழுதலாம் என்று வைத்தேன். மறுநாள் எழுதலாம் என்று வைத்தேன். நாலாம் நாள் அந்தக் கார்டில் வண்ணாத்திக்குப் போட்ட துணிக் கணக்கை எழுதினேன். ஏன்? ஏன் என்று தெரியாது என்று சொன்னால் பொய். ஒருநாள் அவளும் நானும் எதிரெதிரே உட்கார நேரலாம், அவள் மருந்தை எடுக்கலாம், அன்றைக்கு என் கையில் ஒன்று இருக்கட்டும் என்று தோன்றியது. ஒன்பது வருஷத்தில் எனக்கே எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். ஆனால் நான் யாரிடமும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லையே. சொல்லாமல் இருப்பதும் போய்ச் சொல்வதும் ஒன்றா? ஒன்றில்லை. நிச்சயமாக ஒன்றில்லை. இதை எத்தனை தடவை சொல்லிக்கொள்கிறேன்.

அப்படியென்றால் கணக்கு இப்படி நிற்கிறது, இருபத்தாறு நிமிடம். குதிரையைப் பலி கொடுக்கிறேன். லூர்து துரோகம் செய்திருந்தால் ரேணுகா மருந்துவழியே வருவாள், பதினைந்தாவது நகர்த்தலில் யானையை டி-2-இல் வைப்பாள், நான் சிப்பாயைத் தள்ளுவேன், ஜெயிப்பேன், அணியில் இருப்பேன். லூர்து துரோகம் செய்யாமல் இருந்தால் இந்தப் பெண் எட்டாவது நகர்த்தலில் என்ன செய்வாள் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும், குதிரை போனது போனதாக நான் நடுக்காட்டில் நிற்பேன். ஆக, எனக்கு இடம் வேண்டுமென்றால் லூர்து என்னைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். கொடுத்திருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொள்ள வேண்டும். அவளை நம்பினால் டி சிப்பாயைத் தள்ளிவிட்டு, டிரா செய்து, கைகொடுத்து, ஸ்டேஷனுக்குப் புளியோதரை கட்ட வேண்டும். இப்படி ஒரு நகர்த்தலை எவளாவது யோசித்திருப்பாளா? காது மடல் சுடுகிறது. உள்ளங்கையைச் சேலையில் துடைத்தேன். எழுந்து போய் அவளிடமே கேட்டுவிடலாமா, ஆட்டத்தின் நடுவில் பேசக் கூடாது, பேசினால் ஆர்பிட்டர் பொன்னம்பலம் சார் கடிகாரத்தை நிறுத்திவிடுவார். கேட்டால் மட்டும்? இல்லடி என்பாள். அவள் இல்லடி என்று சொல்கிற விதம் எனக்குத் தெரியும், நம்பிவிடுவேன். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. அழக் கூடாது, இருபத்தொன்பது வயதில் ஆறாவது நகர்த்தலில் ஒருத்தி அழுதாள் என்று நாலு ஜில்லா பேசும்.

முப்பத்திரண்டாவது நிமிடம் லூர்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். ஆட்டம் முடிந்தவர்கள் அங்கே நின்று பார்க்கலாம். நீலச் சேலை, என் சேலைதான், பயணத்துக்கு மாற்று கொண்டுவரவில்லை என்று நேற்று வாங்கிக் கட்டியது. அவள் முதலில் என்னைப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். எப்போதும் முதலில் முகத்தைப் பார்ப்பாள், அப்புறம் பலகையை, எனக்கு நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது அவளுக்கு என் முகத்திலேயே தெரிந்துவிடும். இன்றைக்குப் பலகையைப் பார்த்தாள். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தாள். கறுப்புக் குதிரை டி-5-இல் இருப்பதைக் கண்டு யாராயிருந்தாலும் புருவத்தைத் தூக்குவார்கள், அவளுக்குப் பின்னால் நின்ற மதுரைப் பெண்கூட வாயைப் பொத்திக்கொண்டாள். லூர்துவின் முகத்தில் ஒன்றுமே இல்லை. அந்தக் குதிரை அங்கேதான் இருக்கும் என்று தெரிந்து வந்த முகம். பிறகு ரேணுகாவைப் பார்த்தாள், ரேணுகா நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்துகொண்டாள், கழுத்து சிவந்தது. கடைசியில்தான் என்னைப் பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள். உதட்டோரம் கொஞ்சம், தைரியமா ஆடு என்கிற மாதிரி. அந்தச் சிரிப்பை மட்டும் அவள் சிரிக்காமல் இருந்திருந்தால் நான் டி சிப்பாயைத் தள்ளியிருப்பேன் என்று நினைக்கிறேன். தெரியவில்லை. தள்ளியிருக்கவும் மாட்டேன். இன்னும் ஆறு நிமிடம் உட்கார்ந்திருந்தேன், எதையும் கணக்குப் போடவில்லை, அவளை நான் எவ்வளவு வெறுக்கிறேன் என்று தேடிக்கொண்டிருந்தேன், தேடின இடத்தில் வெறுப்பைவிட அவமானம்தான் அதிகம் இருந்தது, ஒன்பது வருஷம் நான் ஒருத்தியாகவே உட்கார்ந்து இரண்டு பேருக்கும் ஆடிக்கொண்டிருந்தேனோ என்கிற அவமானம். பிறகு குதிரையைத் தூக்கி எஃப்-7-இல் வைத்தேன்.

அப்புறம் எல்லாம் படபடவென்று நடந்தது. ராஜா வெட்டினான். ராணி செக். ராஜா நடுவுக்கு வந்தான். என் இன்னொரு குதிரை வந்தது. எட்டாவது நகர்த்தல், இப்போது அவள் வேறு எதையாவது ஆட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஆமாம், வேண்டிக்கொண்டேன், இடமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கட்டும், இவள் தலையைப் பிய்த்துக்கொண்டு யோசிக்கட்டும், நான் தோற்று எழுந்துபோய் லூர்துவின் காலில் விழுகிறேன். குதிரையை ஈ-7-க்கு இழுத்தாள். மருந்தின் முதல் சொட்டு. சரி, அது புத்தகத்திலும் இருக்கிறது. சிப்பாய், சிப்பாய். பிஷப், சிப்பாய். வெட்டு, வெட்டு. பன்னிரண்டில் நான் ராணிப் பக்கம் கோட்டை கட்டினேன், எங்கள் ஜெராக்ஸ் அங்கே முடிகிறது, இதற்குமேல் இருப்பது நோட்டில் மட்டும், லூர்துவின் கையெழுத்திலும் என் கையெழுத்திலும். யானை எஃப்-8. யோசிக்கவில்லை. நான் ராணியை நகர்த்தினேன். யானை எஃப்-2-இல் என் சிப்பாயை வெட்டியது. யோசிக்கவில்லை. நான் நடுவில் அவள் சிப்பாயை வெட்டினேன். பிஷப் ஜி-5, செக். என் ராஜா ஒதுங்கினான். அந்த இடத்தில் அவள் நிறுத்தினாள். கை பாதியில் நின்றது. மனசு எகிறியது, மறந்துவிட்டாள், அல்லது தெரியாது, தெரியாது, இதுவரை தானாகத்தான் வந்தாள். கண்ணை மூடி உதடுகளை அசைத்து எதையோ ஒப்பித்துப் பார்த்தாள், வாய்ப்பாடு சொல்கிறவள் மாதிரி. பிறகு யானையை டி-2-இல் வைத்தாள், கடிகாரத்தைத் தட்டினாள், நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தாள். நான் லூர்துவைப் பார்க்கவில்லை. ஹெச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன். ரேணுகா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தச் சிப்பாயைப் பார்த்தாள், இது எங்கிருந்து வந்தது என்பதுபோல. கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்ன சத்தம் கேட்டது, தொண்டையில் தண்ணீர் மாட்டினால் வருகிற சத்தம். ரேணுகா நாற்பது நிமிடம் யோசித்தாள், பாவம், இப்போது நிஜமாகவே அவளாக யோசித்தாள். ஒன்றும் இல்லை. இருபத்தோராவது நகர்த்தலில் என் யானை அவள் ராணியை ஜி-6-இலிருந்து பிடித்தபோது கையை நீட்டினாள்.

"அக்கா, இது டிராவாச்சும் ஆகும்னு லூர்து அக்கா சொன்னாங்களே," என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே புரிந்து கையை வாயில் வைத்துக்கொண்டாள். பரவாயில்லம்மா என்றேன். தாளை எடுத்துக்கொண்டு எழுந்தேன், லூர்து கயிற்றைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேஜைக்கே வந்துவிட்டாள், பலகையைச் சுற்றி வந்து ஹெச்-4-இல் என் சிப்பாய் நின்ற இடத்தைத் தொட்டாள். சிப்பாய் எப்போதோ வெட்டப்பட்டுவிட்டது, வெறும் கட்டம்தான். ஆறாவது நகர்த்தலிலிருந்து நான் ஒரு கேள்வி வைத்திருந்தேன். முப்பத்தெட்டு நிமிடமும் அதைத்தான் வேறு வேறு விதமாக மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தேன், எந்தக் குரலில் கேட்பது, எல்லோர் முன்னாலும் கேட்பதா, தனியாகவா. வாயைத் திறந்தேன்.

"இது உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்றாள் லூர்து.

"வைகாசிலேர்ந்து."

அவள் விரலை மடக்கினாள். வைகாசி, ஆனி, ஆடி என்று எண்ணவில்லை, சும்மா மடக்கினாள். கண் நிறைந்துவிட்டது. வெளியாட்களிடம் பேசுகிற குரல் இல்லை, மற்றது, என்னுடையது, அந்தக் குரலில் கேட்டாள்.

"எனக்கு ஏன்டி சொல்லல?"

பொன்னம்பலம் சார் மேடையிலிருந்து, அமிர்தவல்லி, ஷீட்டில் கையெழுத்துப் போடும்மா என்று கூப்பிட்டார். போய்ப் போட்டேன். வெற்றி பெற்றவர் என்ற இடத்தில் பெயரை எழுதும்போது நிறுத்தி நிதானமாக எழுதினேன், முடிந்தவரை நேரமெடுத்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். நியாயமாகப் பார்த்தால் பதில் சொல்ல வேண்டியவள் அவள். ஆனால் காத்திருந்ததும் அவள்தான், நான்தான் மேடையிலிருந்து இறங்காமல் நின்றேன்.